பிலிம் அச்சில் குறைந்த செலவில் போட்டோலித்தோகிராபி மாஸ்க் தயாரித்தல்

நுண்பாய்மச் சில்லுகளையோ (மிக நுண்ணிய வாய்க்கால்களில் திரவத்தை ஓட்டும் சில்லுகள்) சிறு மின்முனைகளையோ முதன்முதலாகச் செய்து பார்க்க விரும்பும் மாணவருக்குப் பெரும்பாலும் தடையாக நிற்பது மாஸ்க்கின் விலைதான். ஒளியால் நுண்வடிவங்களைப் பதிக்கும் போட்டோலித்தோகிராபியில், ரெசிஸ்ட் எனப்படும் ஒளியுணர் பூச்சின் மேல் எங்கே ஒளி பட வேண்டும் என்பதை முடிவு செய்யும், கறுப்பும் தெளிவுமான தகடே மாஸ்க். கண்ணாடித் தகட்டின் மேல் குரோமியம் பூசி, லேசர் அல்லது எலக்ட்ரான் கற்றையால் வரையப்படும் மாஸ்க் மிகத் துல்லியமானது. ஆனால் வடிவமைப்பு வாரத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டிருக்கும் தொடக்கக் கட்டத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய குரோம் மாஸ்க் வாங்க எந்தச் சிறிய ஆய்வகத்தாலும் இயலாது. அச்சுத் தொழிலில் ஆப்செட் பிளேட் எடுப்பதற்காக உருவான பிலிம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் வைட்சைட்ஸின் குழுவினர் 1990களின் நடுப்பகுதியில், கணினியில் வரைந்த படத்தை உயர் பிரிதிறன் அச்சு இயந்திரத்தில் பிலிமாக எடுத்து அதையே மாஸ்க்காகப் பயன்படுத்திக் காட்டினார்கள். 1998இல் அவர்கள் வெளியிட்ட முறையின்படி, 20 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் அகலமுள்ள வாய்க்கால்களைக் கொண்ட ஒரு பி.டி.எம்.எஸ். (சிலிக்கோன் ரப்பர்) சில்லை வரைபடம் முதல் மூடி ஒட்டுவது வரை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட முடிந்தது. இன்று உலகெங்கும் நுண்பாய்ம ஆய்வகங்கள் பின்பற்றுவது ஏறத்தாழ அதே வழிதான்.

இந்த வழியின் எல்லைகளை அறிந்து, அவற்றுக்குள் வரையத் தெரிந்தவருக்குப் பிலிம் ஏமாற்றம் தராது. அதிக டிபிஐ (ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளிகள் என்னும் அளவு) கொண்ட இயந்திரம் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள், கோப்பில் உள்ள பிழையாலும் பிலிமைத் தலைகீழாக வைப்பதாலும் காற்றின் ஈரத்தாலும் வேஃபர்களை (ரெசிஸ்ட் பூசப்படும் வட்டச் சிலிக்கான் தகடுகளை) இழக்கிறார்கள். ஆகவே இக்கட்டுரை பிரிதிறனைப் பற்றிக் கொஞ்சமும், மற்றவற்றைப் பற்றி அதிகமும் பேசுகிறது.

எந்தப் பிரிதிறன் வேண்டும்

ஓர் அங்குலம் 25,400 மைக்ரான் என்பதால், அந்த எண்ணை டிபிஐயால் வகுத்தால் ஒரு பிக்சலின் அளவு மைக்ரானில் கிடைத்துவிடும். 2,540 டிபிஐ என்றால் பிக்சல் 10 மைக்ரான். 5,080 டிபிஐ என்றால் 5 மைக்ரான். 25,400 டிபிஐ என்றால் 1 மைக்ரான். ஆனால் ஒரு பிக்சல் அகலமுள்ள கோடு ஒருபோதும் ஒழுங்காக வராது. பிலிமை எரிக்கும் லேசர் புள்ளி பிக்சலை விடச் சற்றுப் பெரியதாகவும், ஓரங்களில் மங்கலாகவும் இருப்பதால், மிகச் சிறிய கோட்டுக்கும் இடைவெளிக்கும் குறைந்தது நான்கைந்து பிக்சல் அகலமாவது கொடுக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி 5,080 டிபிஐ பிலிமில் 20 முதல் 25 மைக்ரான் வரையிலும், 20,000 டிபிஐக்கு மேற்பட்ட போட்டோபிளாட்டர் (லேசரால் பிலிமில் வரையும் இயந்திரம்) பிலிமில், கணக்கு இன்னும் குறைவாகச் சொன்னாலும், நடைமுறையில் 8 முதல் 10 மைக்ரான் வரையிலும் நம்பிக்கையோடு இறங்கலாம். அதற்கும் கீழே போக வேண்டிய தேவை உண்மையாகவே இருந்தால், பிலிமோடு போராடாமல் குரோம் மாஸ்க் வாங்குவதே சிக்கனம்.

அலுவலக லேசர் பிரிண்டரில் ஓ.எச்.பி. தாளில் எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். 1,200 டிபிஐயில் பிக்சல் 21 மைக்ரான். அதோடு டோனர் தூள் ஓரங்களில் சிதறுகிறது, கறுப்புப் பரப்பில் ஊசித்துளைகள் விழுகின்றன. 200 மைக்ரானுக்கு மேற்பட்ட வாய்க்கால்களுக்கு, அதுவும் செப்புத் தகட்டில் ஒட்டும் டிரை பிலிம் ரெசிஸ்ட்டுக்கு, இரண்டு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒட்டிப் பயன்படுத்தலாம். சோடியம் கார்பனேட்டின் 1 சதவீதக் கரைசலில் டெவலப் செய்யக்கூடிய (ஒளியூட்டிய பின் வேண்டாத பகுதியைக் கரைத்தெடுக்கக்கூடிய) அந்த ரெசிஸ்ட், கற்றுக்கொள்வதற்கு மிக நல்ல பொருள். எஸ்.யு-8 போன்ற விலை உயர்ந்த ரெசிஸ்ட்டை டோனர் மாஸ்க்குக்குச் செலவழிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வெள்ளி உப்பு அடங்கிய ஒளியுணர் படலமான எமல்ஷன் பூசிய உண்மையான பிலிமை எடுத்துத் தருவோர் இரு வகையினர். ஆப்செட், ஸ்கிரீன் பிரிண்டிங் தொழிலுக்கு இமேஜ்செட்டரில் பிலிம் எடுப்போர் ஒரு வகை; மின்சுற்றுப் பலகை தயாரிப்புக்காகப் போட்டோபிளாட்டர் வைத்திருப்போர் மற்றொரு வகை. கணினியிலிருந்து நேராகப் பிளேட்டுக்குப் போகும் முறை பரவியதால் இமேஜ்செட்டர்கள் வேகமாகக் குறைந்துவிட்டன. சிவகாசி போன்ற அச்சு நகரங்களில்கூட இயந்திரம் இன்னும் இயங்குகிறதா என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. 20 மைக்ரானுக்குக் கீழே வேண்டுமானால், நுண்வடிவ மாஸ்க்கென்றே பிலிம் எடுத்துத் தரும் நிறுவனத்திடம்தான் போக வேண்டும்.

வரைதல்

இலவச மென்பொருளான கே-லேஅவுட் இந்த வேலைக்குப் போதுமானது, ஜி.டி.எஸ்., டி.எக்ஸ்.எஃப். ஆகிய இரு கோப்பு வகைகளையும் அது படிக்கவும் எழுதவும் செய்யும். முதலில் வலைக்கட்ட அளவை அச்சு இயந்திரத்தின் பிக்சல் அளவுக்கே அமைத்துவிட வேண்டும். இதன் தேவையை ஒரு கோட்டில் பார்க்கலாம். 5 மைக்ரான் பிக்சல் கொண்ட இயந்திரத்துக்கு 12 மைக்ரான் அகலக் கோட்டை அனுப்பினால், அதன் ஓரங்கள் எந்த இடத்தில் விழுகின்றன என்பதைப் பொறுத்து அது ஓரிடத்தில் 10 மைக்ரானாகவும் இன்னோரிடத்தில் 15 மைக்ரானாகவும் மாறும். ஒரே மாதிரி இருக்க வேண்டிய நூறு தூண்கள் இரண்டு அளவுகளில் வந்து நிற்பதற்குக் காரணம் இதுவே. பிலிம் எடுத்தவர் மீது அதில் குற்றமில்லை. சாய்ந்த கோடுகளிலும் வளைவுகளிலும் பிக்சல் படிக்கட்டாகத் தெரியும் என்பதால், முக்கியமான வாய்க்கால்களைக் கிடையாகவோ செங்குத்தாகவோ அமைக்க முடிந்தால் அப்படியே அமைக்க வேண்டும்.

வடிவங்கள் அனைத்தும் மூடிய பலகோணங்களாக இருத்தல் வேண்டும். திரையில் கோடாகத் தெரிகிற, அகலமே இல்லாத வரி அச்சு இயந்திரத்துக்கு ஒன்றுமில்லை. அது பிலிமில் வராது, அல்லது தன் விருப்பப்படி ஓர் அகலத்தை எடுத்துக்கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இரு பலகோணங்களைச் சில மாற்றி மென்பொருள்கள் தலைகீழாகப் புரிந்துகொண்டு, ஏறிய இடத்தைக் கறுப்பாக்கிவிடுவதும் உண்டு. வாய்க்காலும் அதன் முனையில் உள்ள வட்டமும் சந்திக்கும் இடத்தில் அப்படியொரு கறுப்புத் துண்டு விழுந்தால் திரவம் அங்கேயே நின்றுவிடும். எனவே கோப்பை அனுப்பும் முன் ஒரே அடுக்கில் உள்ள எல்லா வடிவங்களையும் இணைத்து ஒன்றாக்கிவிட வேண்டும். வளைவுகள் பலகோணமாக மாற்றப்படும்போது ஒவ்வொரு துண்டின் விலகலும் ஒரு பிக்சலுக்குக் கீழே இருக்கும்படி புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். எழுத்துகளையும் பலகோணமாகவே வரைய வேண்டும். எழுத்துருவாக விட்டால் எதிர்முனைக் கணினியில் அது இருக்காது.

எது கறுப்பு, எது தெளிவு என்பதில்தான் அனுபவசாலிகளும் தடுமாறுகிறார்கள். எஸ்.யு-8 நெகட்டிவ் வகை: ஒளி பட்ட இடம் இறுகி நிற்கும், மற்றது கரையும். இறுகிய எஸ்.யு-8ஐ அச்சாக வைத்து அதன்மேல் பி.டி.எம்.எஸ்.ஸை ஊற்றி வார்ப்பதால், பி.டி.எம்.எஸ்.ஸில் பள்ளம் வேண்டுமானால் அச்சில் மேடு வேண்டும். எனவே வாய்க்கால் தெளிவாகவும் மீதிப் பரப்பு முழுவதும் கறுப்பாகவும் இருக்க வேண்டும். எஸ்1813, ஏ.இசட். 1512 போன்ற பாசிட்டிவ் ரெசிஸ்ட்டுகளில் ஒளி பட்ட இடம் கரைந்துபோகும். உலோகப் படலத்தின் மேல் ரெசிஸ்ட் பூசி, வேண்டாத உலோகத்தை அரித்து எடுப்பதானால், மின்முனை கறுப்பாகவும் பின்புலம் தெளிவாகவும் இருக்க வேண்டும். அதே மின்முனையை, ரெசிஸ்ட்டின் மேல் உலோகம் பூசிப் பின்னர் ரெசிஸ்ட்டைக் கரைத்து நீக்கும் லிஃப்ட்-ஆஃப் முறையில் செய்தால் இது அப்படியே தலைகீழாகிவிடும். ஆகவே ‘பாசிட்டிவ்’, ‘நெகட்டிவ்’ என்ற சொற்களை அச்சகத்தாரிடம் பயன்படுத்தாமல், ‘வரைந்த வடிவங்கள் தெளிவாக இருக்க வேண்டும், சுற்றியுள்ள பரப்பு கறுப்பாக இருக்க வேண்டும்’ என்று முழு வாக்கியமாக எழுதிக் கொடுப்பதே பாதுகாப்பு.

ஒவ்வொரு மாஸ்க்கின் ஓரத்திலும் மூன்று பொருள்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஒன்று, கண்ணாடி பிம்பமானால் உடனே அடையாளம் தெரியும் ஓர் எழுத்து. ‘ழ’ இதற்கு மிகப் பொருத்தமானது. இரண்டாவது, அடுக்கின் பெயரும் தேதியும். மூன்றாவது, சோதனைக் கோடுகள்: 5, 8, 10, 15, 20, 30, 50 மைக்ரான் அகலங்களில், கறுப்பில் தெளிவாகவும் தெளிவில் கறுப்பாகவும் இரு வகையிலும், கிடையாகவும் செங்குத்தாகவும். நுண்ணோக்கியில் இவற்றை அளந்தால், அந்த இயந்திரத்தில் தெளிவான கோடு எத்தனை மைக்ரான் சுருங்குகிறது அல்லது விரிகிறது என்பது தெரிந்துவிடும். அடுத்த வடிவமைப்பில் அந்த அளவைக் கூட்டியோ கழித்தோ வரைந்துகொள்ளலாம். இந்தச் சோதனைக் கோடுகளைச் சேர்க்காமல் பிலிம் எடுப்பது பணத்தை வீணாக்குவது என்றே சொல்வேன்.

பிலிம் எடுப்பவரிடம் சொல்லிவிட வேண்டியவை

கோப்போடு சேர்த்து, அளவு மாற்றமின்றி ஒன்றுக்கு ஒன்றாக எடுக்க வேண்டும் என்பதையும், அலகு மில்லிமீட்டரா மைக்ரானா என்பதையும், சரிபார்ப்பதற்கு ஒரு தூரத்தையும் எழுத வேண்டும். ‘இடக்கோடி குறிக்கும் வலக்கோடி குறிக்கும் இடையே 90.00 மில்லிமீட்டர்’ என்பது போல. கறுப்பின் ஒளி அடர்த்தி 4 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கேட்க வேண்டும். அடர்த்தி 4 என்பது பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளியே ஊடுருவும் என்று பொருள். அடர்த்தி 2 என்றால் நூற்றில் ஒரு பங்கு நுழைந்துவிடும். ஒளி பட்டவுடன் அமிலம் உருவாகி, சூட்டில் அதன் விளைவு பெருகும் எஸ்.யு-8 போன்ற ரெசிஸ்ட்டில் இந்த வேறுபாடு அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

எமல்ஷன் எந்தப் பக்கம் என்பது எல்லாவற்றையும் விட முக்கியமானது. பிலிமின் பாலியெஸ்டர் தாள் பொதுவாக 175 மைக்ரான் தடிமன் உடையது. படம் அதன் ஒரு முகத்தில் மட்டுமே மெல்லிய படலமாக இருக்கிறது. அந்த முகம் ரெசிஸ்ட்டைத் தொட்டால் இடைவெளி ஏதுமில்லை. மறுமுகம் தொட்டால் படத்துக்கும் ரெசிஸ்ட்டுக்கும் நடுவே 175 மைக்ரான் பிளாஸ்டிக் நின்றுவிடும். 365 நானோமீட்டர் ஒளி அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் விளிம்பு விலகலால் ஆறேழு மைக்ரான் பரவுகிறது. விளக்கின் ஒளி முழுமையாக இணைக்கதிராக இல்லாவிட்டால் இன்னும் மோசம். 20 மைக்ரான் கோட்டை 20,000 டிபிஐயில் எடுத்துவிட்டு, இப்படி வைத்துக் கெடுப்பதில் என்ன பயன்? ஆகவே, ‘எமல்ஷன் கீழே இருக்கும்போது மேலிருந்து பார்த்தால் எழுத்து நேராகத் தெரிய வேண்டும்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வேஃபரை மேலிருந்து பார்க்கும்போது தெரிய வேண்டிய வடிவத்தைத்தான் திரையில் வரைந்திருக்கிறோம் என்றால் இதுவே சரியான கட்டளை.

பிலிம் கைக்கு வந்ததும்

பருத்திக் கையுறையோ தூள் இல்லாத நைட்ரைல் கையுறையோ அணிந்து ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். பிலிமைச் சாய்த்து, டியூப் லைட்டின் பிரதிபலிப்பைப் பார்த்தால், அடிப்படைத் தாளின் பக்கம் கண்ணாடி போலப் பளபளக்கும். எமல்ஷன் பக்கம் சற்று மங்கி, கறுப்புக்கும் தெளிவுக்கும் இடையே மெல்லிய மேடுபள்ளம் போன்ற வேறுபாட்டைக் காட்டும். ஐயம் தீரவில்லையென்றால், படத்துக்கு வெளியே ஒரு மூலையில் கறுப்புப் பகுதியைப் பிளேடு முனையால் மெல்லக் கீறினால் போதும்; கறுப்பு உரிந்து வரும் பக்கம் எமல்ஷன். பிறகு ‘ழ’ எப்படித் தெரிகிறது என்று பார்த்து, கட்டளை நிறைவேறியிருக்கிறதா என்பதை உறுதிசெய்யலாம்.

அடுத்து, ஒளிப்பெட்டியின் மேல் வைத்துக் கறுப்புப் பரப்பில் ஊசித்துளைகள் உள்ளனவா என்று உருப்பெருக்கியால் தேட வேண்டும். வாய்க்காலிலிருந்து தள்ளியிருக்கும் துளைகளை, எமல்ஷனைத் தொடாமல் மறுபக்கத்தில் ஒளிபுகா மையால் ஒரு புள்ளி வைத்து அடைத்துவிடலாம். ஆப்செட் அச்சகங்களில் பிலிமைத் திருத்தியவர்கள் காலங்காலமாகச் செய்த வேலைதான் இது. இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே துளை இருந்தால் பிலிமைத் திரும்ப எடுக்கச் சொல்வதே நல்லது.

பொருத்துதலும் ஒளியூட்டுதலும்

மாஸ்க்கை வேஃபரோடு பொருத்தி ஒளியூட்டும் மாஸ்க் அலைனர் இயந்திரம் கண்ணாடித் தகட்டைப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டிருப்பதால், பிலிமை ஒரு கண்ணாடியில் ஏற்ற வேண்டும். 4 அங்குல வேஃபருக்கு 5 அங்குலச் சதுரக் கண்ணாடி வழக்கம். பிலிமை ஏறத்தாழ 115 மில்லிமீட்டர் சதுரமாக வெட்டி, எமல்ஷன் வெளியே தெரியும்படி கண்ணாடியின் மேல் வைத்து, நான்கு ஓரங்களிலும் மெல்லிய டேப்பால் ஒட்டலாம். வேஃபரின் 100 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் டேப் எங்கும் நுழையக் கூடாது. டேப்பின் தடிமன் அப்படியே இடைவெளியாகிவிடும். கண்ணாடிக்கும் பிலிமுக்கும் நடுவே ஒரு தூசி சிக்கினாலும் பிலிம் அங்கே கூடாரம் போல எழும்பும் என்பதால், ஒட்டும் முன் இரு முகங்களையும் உலர் நைட்ரஜனால் ஊதிவிட வேண்டும்.

அலைனர் இல்லாதவர்கள் 365 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கின் கீழே, மெல்லிய ஸ்பான்ச், வேஃபர், எமல்ஷன் கீழ்நோக்கிய பிலிம், அதன்மேல் 3 மில்லிமீட்டர் சாதாரணக் கண்ணாடி என்று அடுக்கிக் கிளிப்புகளால் அழுத்தலாம். கண்ணாடிக்குப் பதிலாக, புற ஊதாவைத் தடுக்கும்படி செய்யப்பட்ட அக்ரிலிக் தாளைப் பயன்படுத்தக் கூடாது. விளக்கை எவ்வளவு உயர்த்துகிறோமோ அவ்வளவுக்குக் கதிர்கள் நேராகும். நேரம் கூடினாலும் பரவாயில்லை.

பாலியெஸ்டர் 365 நானோமீட்டர் ஒளியில் ஒரு பகுதியை விழுங்கும். 310 நானோமீட்டருக்குக் கீழே ஏறத்தாழ முழுவதையும் விழுங்கிவிடும். ஆகவே குரோம் மாஸ்க்குக்கான நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதே பிலிமின் தெளிவான துண்டு ஒன்றை ஒளிமானியின் மேல் வைத்தும் எடுத்தும் இருமுறை அளந்தால் கணக்கு முடிந்தது. எடுத்துக்காட்டாக, 50 மைக்ரான் தடிமனான எஸ்.யு-8 2050 படலத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 160 மில்லிஜூல் வேண்டும், விளக்கு 10 மில்லிவாட் தருகிறது, பிலிம் 80 சதவீதம் விடுகிறது என்றால், 16 வினாடிக்குப் பதிலாக 20 வினாடி கொடுக்க வேண்டும். இதை நடுவாக வைத்து, ஓர் அட்டையை நகர்த்தி நகர்த்தி ஒரே வேஃபரில் பல நேரங்களைச் சோதித்துப் பார்த்துத்தான் உண்மையான நேரத்தை முடிவு செய்ய வேண்டும். பாதரச விளக்கில் நேரம் நீளுமானால், பத்து வினாடிக்கு ஒருமுறை மூடி இடைவெளி விட்டு ஒளியூட்டுவது பிலிம் சூடேறி விரிவதைத் தவிர்க்கும்.

தடித்த ரெசிஸ்ட்டைச் சுழற்றிப் பூசும்போது வேஃபரின் விளிம்பில் ஒரு வரப்பு உயர்ந்து நிற்கும். பிலிம் அந்த வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டால் நடுப்பகுதியில் முப்பது நாற்பது மைக்ரான் இடைவெளி வந்துவிடும். கரைப்பானில் தோய்த்த துடைப்பானால் விளிம்பைச் சுற்றித் துடைத்துவிட்டு, முதல் சூடாக்கலை முழுமையாக முடித்த பிறகே பிலிமை வைக்க வேண்டும். அரைகுறையாக உலர்ந்த எஸ்.யு-8 எமல்ஷனோடு ஒட்டிக்கொண்டால் வேஃபரும் போகும், மாஸ்க்கும் போகும்.

இரண்டு அடுக்குகளும் காற்றின் ஈரமும்

ஒரே அடுக்கு வேலையில் பிலிம் சற்று நீண்டாலும் சுருங்கினாலும் யாரும் கவனிப்பதில்லை. இரண்டாம் அடுக்கை முதல் அடுக்கின் மேல் பொருத்தும்போதுதான் அது வெளிப்படுகிறது. பாலியெஸ்டர் தாள் ஒரு செல்சியஸ் பாகைக்குப் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 18 பங்கும், ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினால் ஏறத்தாழ 10 பங்கும் விரிகிறது. ஒப்பிடுகையில் சோடா-லைம் கண்ணாடி ஒரு பாகைக்கு 9 பங்குதான் விரியும், ஈரத்தை அது பொருட்படுத்துவதே இல்லை. 80 மில்லிமீட்டர் தூரத்தில் இரண்டு பொருத்தக் குறிகள் இருக்கின்றன என்று கொள்வோம். முதல் மாஸ்க்கைப் பயன்படுத்திய நாளை விட இரண்டாம் மாஸ்க்கைப் பயன்படுத்தும் நாளில் வெப்பம் 3 பாகையும் ஈரப்பதம் 10 சதவீதமும் கூடியிருந்தால், குறிகளுக்கு இடையே 12 மைக்ரான் வேறுபாடு வந்துவிடும். இடக்குறியைச் சரியாக வைத்தால் வலக்குறி தள்ளி நிற்கும். எவ்வளவு பொறுமையாகத் திருகினாலும் இரண்டும் ஒன்றாக வராது.

சென்னை போன்ற கடலோர நகரத்தில், வெளியே 80 சதவீத ஈரத்தில் பயணப்பட்டு வந்த பிலிமை 45 சதவீத ஈரத்தில் இயங்கும் தூய அறையில் பிரித்தவுடன் பயன்படுத்தினால், 100 மில்லிமீட்டருக்கு 35 மைக்ரான் வரை சுருங்கும் ஒரு பொருளோடு வேலை செய்கிறோம் என்று பொருள். ஆகவே பிலிமை உறையிலிருந்து எடுத்து, தூசு படாமல் ஆனால் காற்றுப் படும்படி, பயன்படுத்தப் போகும் அறையிலேயே ஒரு நாள் முழுவதும் வைத்திருக்க வேண்டும். ஓர் அடுக்குத் தொகுதிக்குரிய எல்லா மாஸ்க்குகளையும் ஒரே தாளில், ஒரே திசையில் எடுக்கச் சொல்ல வேண்டும். தாளின் நீளவாக்கிலும் அகலவாக்கிலும் விரிவு சரிசமமாக இருப்பதில்லை. சில்லுகளை வேஃபரின் நடுவை நோக்கி நெருக்கி அமைப்பதும் உதவும், ஏனெனில் பிழை தூரத்தோடு வளர்கிறது. இவ்வளவும் செய்த பிறகும், பிலிம் மாஸ்க்கில் இரண்டு அடுக்குகளுக்கு இடையே 25 முதல் 50 மைக்ரான் வரை பிழையைத் தாங்கும்படியே கருவியை வடிவமைக்க வேண்டும் என்பது என் கருத்து.

கறுப்புப் பின்புலமுள்ள மாஸ்க்கில் இன்னொரு சிக்கலும் உண்டு: கீழே உள்ள குறி கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் மாஸ்க்கில் குறியைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்குத் தெளிவான சாளரம் வைக்க வேண்டும். எஸ்.யு-8இல் அந்தச் சாளரமும் இறுகி மேடாகிவிடும் என்பதால், குறிகளை வேஃபரின் ஓரத்தில், சில்லுகளுக்கு வெளியே வைப்பது நலம்.

பராமரிப்பும் குரோமில் நகலெடுத்தலும்

எமல்ஷன் என்பது ஜெலட்டின். தண்ணீர் பட்டால் அது உப்பிவிடும். தண்ணீரில் கலந்த டெவலப்பர் பட்டாலும் அப்படியே. தூசியை ஊதி அகற்றுவதே முதல் வழி. ரெசிஸ்ட் கறை இருந்தால் மட்டும், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் ஒரே திசையில், அழுத்தாமல் துடைக்கலாம். பிலிமைச் சுருட்டக் கூடாது. இரண்டு சுத்தமான தாள்களுக்கு நடுவே தட்டையாக வைக்க வேண்டும். தொட்டுத் தொட்டு ஒளியூட்டும் எந்தப் பிலிமும் நாளடைவில் கீறல் விழுந்து போகும்.

வடிவமைப்பு முடிவாகி, அதையே நெடுநாள் பயன்படுத்தப் போகிறோம் என்றால், பிலிமிலிருந்து ஒரு குரோம் நகல் எடுத்துக்கொள்ளலாம். பாசிட்டிவ் ரெசிஸ்ட் பூசிய குரோம் கண்ணாடித் தகடுகள் விற்பனையில் உள்ளன. மஞ்சள் விளக்கொளியில், எமல்ஷன் தகட்டைத் தொடும்படி பிலிமை வைத்து ஒளியூட்டி, டெவலப் செய்து, செரிக் அம்மோனியம் நைட்ரேட் அடங்கிய குரோம் அரிப்பானில் தகட்டை இட்டால், ஒளி பட்ட இடத்தில் குரோம் கரைந்து தெளிவாகும். பிலிமில் கறுப்பாக இருந்தது குரோமாகவே நிற்கும். ஆனால் இப்படி நகலெடுத்தால் படம் கண்ணாடி பிம்பமாகிவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பிலிமின் எமல்ஷனும் தகட்டின் குரோமும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வதால், குரோம் முகத்தை வேஃபரை நோக்கித் திருப்பும்போது இடம் வலமாக மாறும். ஆகவே நகலுக்கென்று எடுக்கும் பிலிமைத் தொடக்கத்திலேயே ‘எமல்ஷன் மேலே இருக்கும்போது எழுத்து நேராக’ என்று கேட்டு வாங்க வேண்டும். அரிப்பான் வலிமையான ஆக்சிஜனேற்றி. அசிட்டோன், ஆல்கஹால் ஆகியவற்றின் கழிவோடு அதை ஒருபோதும் கலக்கக் கூடாது, தனிக் கலனில் பெயர் எழுதி வைக்க வேண்டும். தகட்டில் மீதமுள்ள ரெசிஸ்ட்டை அசிட்டோனில் நீக்கும் முன் தகட்டைத் தண்ணீரில் நன்றாக அலசி உலர்த்திவிட வேண்டும்.